துளைக்கு வைத்த புதுப்பெயர்

2023 பிப்ரவரி 1 அன்று மக்களவையில் படிக்கப்பட்ட ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் ஒரு சொல்லாக்கம் இடம்பெற்றது. நாட்டின் எல்லா நகரங்களும் கழிவுநீர்க் குழாய்களையும் செப்டிக் டேங்குகளையும் நூறு விழுக்காடு இயந்திரத்தால் தூர்வாரும் நிலையை எட்டும். ‘மேன்ஹோல்’ முறையிலிருந்து ‘மெஷின் ஹோல்’ முறைக்கு மாறும் என்றது அந்த அறிவிப்பு. ஓரெழுத்தோசை ஒத்த இரு சொற்கள். மேடைக்கு ஏற்ற எதிரிணை. அன்று முதல் மாநகராட்சிச் சுற்றறிக்கைகளிலும், கருத்தரங்க அழைப்பிதழ்களிலும், ஆய்வேட்டு முன்னுரைகளிலும் புதிய சொல் வலம் வருகிறது. பழைய சொல்லை எழுதிவிட்டவர் திருத்தப்படுகிறார். திருத்துபவர் ஒரு சமூகக் கடமையை நிறைவேற்றிவிட்ட மனநிறைவோடு அடுத்த பத்திக்குப் போகிறார்.

அந்த மனநிறைவுக்கு எதிரானதே இக்கட்டுரை. சொல்லை மாற்றுவது தவறன்று. மாற்றிய சொல் சுட்டும் பொருள் மண்ணுக்கடியில் இல்லாதபோது, அந்தச் சொல் விளக்கும் பணியை விட்டு மறைக்கும் பணியை ஏற்றுக்கொள்கிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

முதலில் துளையைப் பார்ப்போர் அதன் வடிவத்தைப் பார்க்கட்டும். வட்ட மூடியின் அகலம் ஒரு மனித உடல் நுழையும் அளவு. உட்சுவரில் காலூன்றி இறங்க இரும்புப் படிகள். கீழே ஒருவர் குனிந்து நின்று வேலை செய்யும் அளவுக்கு அறை. ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது எதுவென்று பொறியியல் பாடநூல்களே சொல்கின்றன: குழாயை எப்படித் தூய்மை செய்யப்போகிறார்கள் என்பதுதான். ஆள் நுழைய முடியாத குறுகிய குழாய்களுக்கு 30 மீட்டருக்கு ஒரு துளை என்பது நெடுங்கால விதி. மேலிருந்தும் கீழிருந்தும் கையால் தள்ளும் கம்பியோ பிளந்த மூங்கிலோ எட்டக்கூடிய தொலைவைக் கணக்கில் கொண்ட விதி அது. ஆக, மனித உடல் இந்தக் கட்டமைப்புக்குள் பிற்பாடு, வேறு வழியின்றி நுழைந்ததன்று. வரைபடத் தாளிலேயே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தத் தாளை மாற்றாமல் மூடியின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

பாதாளச் சாக்கடை என்பது அடிப்படையில் ஒரு சரிவு. பம்பு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் கழிவுநீர் தன் எடையாலேயே ஓடவேண்டும். ஓட்டத்தின் வேகம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்தால் மணலும் மலமும் அடியில் படியத் தொடங்கும். படியவிடாத அந்தக் குறைந்தபட்ச வேகத்தைப் பொறியாளர்கள் ‘தற்தூய்மை வேகம்’ என்பார்கள். ஒன்றிய அரசின் கழிவுநீர்க் கையேடு இதை நொடிக்கு 0.6 மீட்டர் என வகுத்திருக்கிறது. திட்டக்காலம் 30 ஆண்டுகள். ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் வழங்கல். அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் கணக்கு எந்த நகரத்துக்கானது என்பதுதான் கேள்வி.

இந்திய நகரங்களில் குடிநீர் நாள் முழுதும் வருவதில்லை. வரும் நேரத்தில் வெள்ளமும் வராத நேரத்தில் வறட்சியுமாகக் குழாய் இருக்கிறது. கட்டுமான மணல், சாம்பல், நெகிழிப் பை, துணி, உணவகக் கொழுப்பு என்று சரிவின் கணக்கில் இல்லாதவை எல்லாம் உள்ளே போகின்றன. மழைநீரும் கழிவுநீரும் தனித்தனியே ஓடவேண்டிய நகரங்களில், மழைநீர் வடிகாலைப் பக்கத்துத் தெருவின் சாக்கடையோடு இணைத்துவிடும் உள்ளூர்த் தீர்வுகள் ஏராளம். ஒரு மழைக்குப் பின் தெருமண் முழுதும் குழாயில் கிடக்கிறது. சாலைக்கு மேல் சாலை போடப்பட்டு மூடிகள் புதைந்துபோகின்றன. இரண்டு மாடி வீடுகள் ஐந்து மாடிகளாகின்றன. கீழே 150 மில்லிமீட்டர் குழாய் அப்படியே இருக்கிறது. இவற்றில் எதுவும் இயற்கைச் சீற்றம் அன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் அனுமதிக் கோப்பும், அந்தக் கோப்பைப் பார்த்த ஒரு கையெழுத்தும், அல்லது பார்க்காமல் விட்ட ஒரு கையெழுத்தும் உண்டு.

வேகம் குறைந்து வண்டல் படிந்த குழாயில் உயிர்வளி தீர்ந்துபோகிறது. உயிர்வளியற்ற அந்தச் சளிப்படலத்தில் வாழும் நுண்ணுயிரிகள் நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே துளையின் அடியில் தேங்குகிறது. வண்டலுக்குள் அடைபட்டுக் கிடப்பதும் உண்டு. மண்வெட்டியோ கால்களோ வண்டலைக் கலக்கும் கணத்தில் மொத்தமாக வெளியேறுகிறது. சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்னும் அளவை ஒட்டியதும் மூக்கின் உணர்வு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும். ஆபத்து நீங்கியதென்று உடல் நம்பும் அந்த வேளைதான் ஆபத்து முற்றும் வேளை. அந்த அளவு ஆயிரத்தைத் தாண்டினால் ஓரிரு மூச்சில் மனிதர் சரிந்து விழுவார். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் அண்ணனாகவோ மைத்துனனாகவோ ஒரே தெருக்காரராகவோ இருப்பார். அவர் காப்பாற்ற இறங்குவார். சாக்கடை மரணங்கள் பெரும்பாலும் இரண்டாகவும் மூன்றாகவும் செய்தியாவதன் காரணம் இதுவே. முதலாமவர் வேலைக்காக இறந்தார். அடுத்தவர்கள் அன்புக்காக இறந்தார்கள். வாயுமானியும் காற்றூதியும் முக்காலியும் ஒரு சுருள் கயிறும் அந்த இடத்தில் இருந்திருந்தால் அவர்கள் இறங்கியிருக்க வேண்டியதில்லை.

இந்த வேதியியலை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மறுநாள் நாளேடு எழுதும் வாக்கியம் எல்லோருக்கும் மனப்பாடம்: ‘விஷவாயு தாக்கி மூவர் பலி.’ மொழியியல் மாணவர்கள் இந்த வாக்கியத்தை ஒருமுறை பிரித்துப் பார்க்கவேண்டும். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சத்தின் வினைமுதலும் அது முடியும் வினையின் வினைமுதலும் ஒன்றாக இருப்பதே தமிழின் பொது வழக்கு. இரண்டும் வெவ்வேறாக வரும் இடங்களும் உண்டு: ‘மழை பெய்து பயிர் விளைந்தது’ என்பதைப் போல. முன்னது பின்னதற்கு இயல்பான காரணமாக அமையும்போது மொழி அதை அனுமதிக்கிறது. விஷவாயுச் செய்தி இந்த மழைச் சட்டகத்துக்குள்தான் அமர்ந்திருக்கிறது. வாயு தாக்குகிறது, மூவர் பலியாகிறார்கள். இறங்கச் சொன்னவர் வாக்கியத்தில் இல்லை. பணி ஆணை இல்லை. பத்தாண்டுகளாகத் தூர்வாரப்படாத குழாய் இல்லை. ‘பலி’ என்னும் சொல்லோ முற்றுவினையைக்கூட உதறிவிட்டு நிற்கிறது. வாயுவைப் பிறப்பித்தது வண்டல். வண்டலைப் பிறப்பித்தது பராமரிப்பின்மை. பராமரிப்பின்மையைப் பிறப்பித்தது ஒரு வரவுசெலவு முடிவு. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் அறுத்தெடுத்து எழுவாயாக்கிவிட்டது அந்த வாக்கியம்.

நாளேட்டின் வாக்கியம் அவசரத்தில் பிறந்தது என்று மன்னித்துவிடலாம். சட்டத்தின் வாக்கியம் அவசரத்தில் பிறந்ததன்று. கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்தத் தடை விதித்து, அவர்களது மறுவாழ்வுக்கு வழிசெய்யும் 2013ஆம் ஆண்டின் சட்டம் இரண்டு சொற்களை வரையறுக்கிறது. ஒன்று, ‘கையால் மலம் அள்ளுவோர்’. இது உலர் கழிப்பிடம், திறந்த வாய்க்கால், குழி, இருப்புப்பாதை ஆகியவற்றில் மலத்தைக் கையாள்வோரைச் சுட்டுவது. அதற்கொரு விளக்கக் குறிப்பும் உண்டு: அரசு அறிவிக்கும் கருவிகளோடும் காப்புடைகளோடும் அதே வேலையைச் செய்பவர் இந்தப் பெயருக்குள் வரமாட்டார். மற்றொன்று, ‘ஆபத்தான தூய்மைப்படுத்தல்’. சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ, காப்புடையும் கருவியும் தரும் கடமையை முதலாளி நிறைவேற்றாத நிலையில், ஒரு தொழிலாளி கையால் தூய்மை செய்வது.

இந்த இரண்டாவது வரையறையில் ஆபத்து எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கவனிக்கவேண்டும். குழாயில் வைக்கப்படவில்லை. வாயுவிலும் வைக்கப்படவில்லை. கையுறை தரப்படாததில் வைக்கப்பட்டிருக்கிறது. கையுறை தந்தாயிற்று என்று ஒரு பதிவேட்டில் கையொப்பம் இருந்தால், அதே குழி, அதே வாயு, அதே மனிதர், ஆனால் ‘ஆபத்து’ என்னும் சொல் மட்டும் சட்டப்படி விலகிக்கொள்ளும்.

இரண்டு சொற்கள் இருந்தால் இரண்டு பட்டியல்கள் பிறக்கும். 2021 பிப்ரவரியில் சமூகநீதித் துறை இணையமைச்சர் மக்களவைக்கு அளித்த விடையில், 2020 டிசம்பர் முடிய ஐந்தாண்டுகளில் சாக்கடையும் செப்டிக் டேங்கும் தூய்மை செய்கையில் இறந்தோர் 340 பேர் என்றார். அதே ஆண்டு ஜூலையில் அதே அமைச்சர் மாநிலங்களவைக்கு அளித்த விடையில், கையால் மலம் அள்ளுவதால் ஓர் இறப்பும் பதிவாகவில்லை என்றார். இரண்டும் அவையில் சொல்லப்பட்ட விடைகள். சட்டத்தின் சொற்பொருளின்படி இரண்டும் சரி. 340 பேர் ஒரு சொல்லுக்குள் இருந்து இன்னொரு சொல்லுக்குள் நகர்த்தப்பட்டதும் எண்ணிக்கை சுழியமாகிவிட்டது. சொற்பொருளியல் என்பது தேர்வுத்தாளில் மட்டும் வாழும் துறை என்று எண்ணும் மாணவர் எவரேனும் இருந்தால், இந்த இரு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும்.

சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள் இன்னும் நுணுக்கமானவை. காப்புடையோடுகூட ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்கக்கூடாது என்பதே பொது விதி. விலக்குகள் சில: இயந்திரம் எட்டாத இடத்தில் உடைந்த மூடியை அகற்றுதல், 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழாயில் புதிய இணைப்பு கொடுத்தல், மூழ்கிய பம்பை வெளியே எடுத்தல், துளையைத் திரும்பக் கட்டுதல். இறுதியாக ஒரு விலக்கு: தவிர்க்கவே முடியாத சூழலில், உள்ளாட்சியின் தலைமை நிர்வாகி காரணத்தைப் பதிவுசெய்து எழுத்தில் அனுமதித்தால் இறக்கலாம். காப்புப் பொருள்களின் பட்டியல் 44 வகைகளாக நீள்கிறது. இந்த விதி நடைமுறையில் இருந்தால், இந்தியாவில் சாக்கடைக்குள் நிகழ்ந்த ஒவ்வொரு இறப்புக்குப் பின்னும் ஆணையரின் கையெழுத்திட்ட ஒரு தாள் இருக்கவேண்டும். அந்தத் தாள் இருந்தால் அவர் பொறுப்பாளி. இல்லையென்றால் விதிமீறலுக்கு யாரோ ஒருவர் குற்றவாளி. மூன்றாவது வாய்ப்பு தருக்கத்தில் இல்லை. ஆனால் நடைமுறை அந்த மூன்றாவது வாய்ப்பில்தான் நடக்கிறது: தாளும் இல்லை, குற்றவாளியும் இல்லை, துணை ஒப்பந்ததாரர் மட்டும் இருக்கிறார்.

இது வெறும் ஊகம் என்போர்க்கு அரசின் சொந்தச் சமூகத் தணிக்கையே விடை. 2022, 2023 ஆகிய ஆண்டுகளின் இறப்புகளில் 54ஐ அத்தணிக்கை ஆராய்ந்தது. அதன் முடிவுகள் 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டன. 49 பேர் எந்தக் காப்புடையும் அணிந்திருக்கவில்லை. 47 நிகழ்வுகளில் இயந்திரமோ காப்புப் பொருளோ தரப்படவே இல்லை. 38 பேர் தனித்தனியே கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள். எந்த மாநகராட்சியின் சம்பளப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை. ‘நமஸ்தே’ என்னும் திட்டத்தின் கீழ் 2024 வரை விவரம் சேகரிக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 91.9. வேலைவாய்ப்புச் சந்தை தற்செயலாக இப்படி ஒரு விகிதத்தைத் தராது. குழாயின் சரிவைப் புவியீர்ப்பு தீர்மானிக்கிறது. குழாய்க்குள் இறங்குபவரைச் சாதி தீர்மானிக்கிறது. பொறியியல் கையேடு முதலாவதற்குச் சூத்திரம் எழுதியது. இரண்டாவதை எழுதாமலேயே நம்பியிருந்தது.

இங்கே எதிர்வாதங்கள் எழும். அவற்றுள் மூன்றுக்கு விடை சொல்லவேண்டும்.

முதல் எதிர்வாதம்: இயந்திரங்கள் வந்துகொண்டுதானே இருக்கின்றன, பொறுமை வேண்டாமா? வந்துகொண்டிருப்பது உண்மை. 2018இல் திருவனந்தபுரத்தில் ‘பாண்டிகூட்’ என்னும் எந்திரக் கரம் துளைக்குள் இறங்கியது. 2019இல் தில்லியில் குறுகிய சந்துகளுக்கென்றே சிறிய வண்டிகள் 200 களமிறக்கப்பட்டன. பெரிய வண்டி நுழையாத தெரு என்பது தீராத தடை அன்று என்பதை இவை மெய்ப்பித்தன. ஆனால் இயந்திரம் தனியே இயங்குவதில்லை. எந்தத் தெருவில் எந்த ஆழத்தில் எந்த அளவுக் குழாய் போகிறது என்ற வரைபடம் அதற்கு வேண்டும். புதைந்துபோன மூடிகள் வெளியே வரவேண்டும். அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சினால் உடையாத நிலையில் குழாய் இருக்கவேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு குழாயின் மேல்வளைவில் கந்தக அமிலமாகி, பல இடங்களில் கான்கிரீட்டை ஏற்கெனவே தின்றுவிட்டிருக்கும். இயக்குநருக்குப் பயிற்சியும் நிரந்தர ஊதியமும் வேண்டும். இவை இல்லாத நகரத்தில் இயந்திரம் திறப்புவிழாப் படத்தில் நிற்கும். அடைப்பு ஏற்பட்ட இரவில் தொலைபேசி அழைப்பு பழைய தெருவுக்கே போகும். மேலும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர வீடுகளில் 32.7 விழுக்காடு மட்டுமே குழாய்ச் சாக்கடையோடு இணைந்தவை, 38.2 விழுக்காடு செப்டிக் டேங்கை நம்பியவை. மாநகராட்சியின் துளைகள் அனைத்தும் நாளையே இயந்திரத்துக்குரியவையாக ஆனாலும், தனியார் வீட்டின் தொட்டி எந்தத் திட்ட வரைபடத்திலும் இடம்பெறாமல் காத்திருக்கும்.

இரண்டாம் எதிர்வாதம்: தொழிலாளர்களே காப்புடையை மறுக்கிறார்கள், கூடுதல் காசுக்காகத் தாமே முன்வருகிறார்கள். மேற்சொன்ன தணிக்கை இதற்குப் பாதி விடை தந்துவிட்டது: தரப்படாத ஒன்றை எவரும் மறுக்க முடியாது. மீதி விடை கூலிமுறையில் இருக்கிறது. அடைப்புக்கு இவ்வளவு என்று பேசப்பட்ட வேலையில், பக்கத்துத் துளைகளின் மூடிகளைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் காற்றாட விடுவது வருமான இழப்பு. பாதுகாப்புக்கு ஆகும் நேரத்துக்கு விலை தராத ஒப்பந்தம், பாதுகாப்பின்மையை விலைக்கு வாங்கியிருக்கிறது. மிகக் குறைந்த தொகைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியவருக்கு வேலையை ஒப்படைத்த அலுவலர், அந்தத் தொகை எதை விட்டுவிட்டுக் குறைந்தது என்று கேட்கவில்லை.

மூன்றாம் எதிர்வாதமே வலிமையானது. மொழியைக் கற்றோர் அதைத்தான் முன்வைப்பார்கள்: சொல் மாற்றம் வெற்றுச் சடங்கன்று, மனிதர் இறங்குவது இயல்பு என்னும் எண்ணத்தை ‘மேன்ஹோல்’ என்னும் சொல்லே விதைக்கிறது, அதை அகற்றுவது சிந்தனையை மாற்றும் முதற்படி அல்லவா? இதில் உண்மை இருக்கிறது. ஆனால் சொற்கள் இரண்டு வகைப்படும். சில சொற்கள் கடமையைப் பிறப்பிக்கின்றன. சில சொற்கள் கடமை நிறைவேறிவிட்டதாகத் தோற்றம் தருகின்றன. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், அவசர நிலையிலும் காப்புடையின்றிச் சாக்கடைக்குள் இறக்குவது குற்றமாக்கப்பட வேண்டும் என்றும், 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்றும் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று அத்தொகையை 30 லட்சமாக்கியது. 2025 ஜனவரி 29 அன்று தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களிலும் இதற்கு முற்றாகத் தடை விதித்தது. இவையும் சொற்களே. ஆனால் இவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கைம்பெண் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் படியேற முடியும். ‘மெஷின் ஹோல்’ என்னும் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் எங்கும் ஏற முடியாது.

இன்னொரு சொல்லையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்: ‘சஃபாயிமித்ரா’, தூய்மைத் தோழர். 2020 நவம்பரில் 243 நகரங்களுக்கிடையே அறிவிக்கப்பட்ட பாதுகாப்புப் போட்டியின் பெயரிலேயே அது இருக்கிறது. தோழமை உயர்ந்த உறவுதான். ஆனால் தோழருக்குப் பணிவரன்முறை கிடையாது. வருங்கால வைப்புநிதி கிடையாது. வேலைநிறுத்த உரிமை கிடையாது. தொழிலாளி என்ற சொல்லோடு ஒட்டிவரும் சட்டங்கள் எல்லாம் தோழர் என்ற சொல்லுக்குள் நுழைந்ததும் நன்றியுணர்வாகக் கரைந்துவிடுகின்றன. பாதத்தைக் கழுவி மரியாதை செய்வதைவிடப் பணிநியமன ஆணை தருவது செலவு மிக்கது. அதனால்தான் முன்னது நடக்கிறது.

செலவு என்று வந்துவிட்டதால் திட்டமிடலின் மையக் கேள்விக்கு வரலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். அதைச் சுத்திகரிக்க நிறுவப்பட்ட திறன் 31,841. உண்மையில் சுத்திகரிப்புக்குப் பயன்பட்ட திறன் 20,235. இந்த மூன்று எண்களில் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள இடைவெளியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குத் தீர்வு புதிய நிலையம், புதிய ஒப்பந்தம், புதிய கல்வெட்டு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள இடைவெளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கட்டிமுடித்த நிலையங்களில் மூன்றில் ஒரு பங்குத் திறன் வீணாகக் கிடக்கிறதென்றால், கழிவுநீர் அங்கே போய்ச் சேரவில்லை அல்லது சேர்ந்ததை இயக்க ஆளும் மின்சாரமும் இல்லை என்று பொருள். வீட்டிலிருந்து தெருக்குழாய்க்கும், தெருக்குழாயிலிருந்து பெருங்குழாய்க்கும் உள்ள இணைப்புகள் விட்டுப்போயிருக்கின்றன; இருப்பவை அடைபட்டிருக்கின்றன. பராமரிப்புக்குக் கல்வெட்டு கிடையாது. தூர்வாரப்பட்ட குழாயின் முன் எந்த அமைச்சரும் நாடா வெட்டியதில்லை. அது வெளியில் தெரிவதே இல்லை. தெரியாத வேலையைத் தள்ளிப்போடலாம். தள்ளிப்போட்டதன் வட்டியை ஒரு நாள் ஓர் உடல் செலுத்தும்.

மாற்று வழி கற்பனையில் இருப்பதன்று; பொறியாளர்கள் அனைவரும் அறிந்ததே. புகார் வந்தபின் ஓடும் முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு குழாய்த் துண்டுக்கும் சுற்றுக்கணக்கில் தூர்வாரும் நாள் குறித்தல். குழாய்க்குள் கேமரா செலுத்தி நிலையைப் பதிந்து, எது எப்போது நொறுங்கும் என்று தரம் பிரித்தல். மணல் தேங்கும் இடங்களில் வண்டல் பொறிகள் அமைத்து, மேலிருந்தே அள்ளுதல். உணவகங்களுக்குக் கொழுப்புப் பொறியைக் கட்டாயமாக்குதல். மழைநீர் இணைப்புகளைத் துண்டித்தல். மாடி கூட்ட அனுமதி தருமுன் கீழே உள்ள குழாயின் கொள்ளளவைச் சரிபார்த்தல். புதிய குழாய்களில் ஆள் இறங்கத் தேவையில்லாத சிறு ஆய்வறைகளை வடிவமைத்தல். செப்டிக் டேங்குகளுக்கும் முறைவைத்துத் தூர்வாரும் பொறுப்பை உள்ளாட்சியே ஏற்றல். இவை ஒவ்வொன்றும் சலிப்பூட்டும் வேலை. சலிப்பூட்டும் வேலையைத் தவறாமல் செய்வதற்குத்தான் நகராட்சி என்ற அமைப்பே உருவாக்கப்பட்டது.

கடைசியாக, இதை வாசிக்கும் கல்விப்புலத்தின் பங்கு. குடிமைப் பொறியியல் வகுப்பில் மாணவர் குழாயின் விட்டத்தைக் கணக்கிடக் கற்கிறார். அந்தக் குழாயில் இறந்தவரைப் பற்றி ஒரு மதிப்பெண் வினாவும் கிடையாது. சமூகவியல் வகுப்பில் மாணவர் சாதியைப் பற்றி ஆழமாகக் கற்கிறார். தற்தூய்மை வேகம் என்ற சொல்லை ஒருமுறையும் கேட்டதில்லை. ஆகவே பொறியாளருக்கு இறப்பு ‘விபத்து’; சமூகவியலருக்குக் குழாய் ‘உருவகம்’. வரலாற்று வகுப்போ மொகஞ்சதாரோவின் வடிகால்களைப் பெருமையோடு காட்டுகிறது. அந்த வடிகால்களுக்குத் திறந்து மூடும் மூடிகளும் கசடு தேங்கும் குழிகளும் இருந்தன. யாரோ ஒருவர் அவற்றைத் திறந்து அள்ளினார். யார் என்ற கேள்வி வினாத்தாளில் வருவதில்லை.

இதற்குத் தொலைதூர நகரங்களுக்குப் போகவேண்டிய தேவையும் இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழக விடுதிக்கும் அடியில் ஒரு குழாயோ ஒரு தொட்டியோ இருக்கிறது. அது அடைபடும் நாளில் ஓர் அலுவலர் ஓர் ஒப்பந்ததாரரை அழைக்கிறார். அந்த ஒப்பந்ததாரர் யாரை அழைக்கிறார்? வருகிறவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? வாயுமானி வளாகத்தில் உண்டா? கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது? குழாய் வரைபடம் கட்டடப் பிரிவில் உண்டா? எழுத்தில் தரப்பட்ட அனுமதி ஏதேனும் இருக்கிறதா? இவை தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாயில் கேட்கக்கூடிய கேள்விகள். ஓர் ஆய்வு மாணவர் தம் வளாகத்துக்கும் தம் மாநகராட்சிக்கும் இரண்டு மனுக்களை அனுப்பினால், நாடெங்கும் ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கான விடைகள் சேரும். விடை வராத இடங்களின் பட்டியலும் ஒரு தரவுதான்.

அந்தப் பட்டியல் கைக்கு வரும்வரை, கருத்தரங்க மேடையில் ‘மேன்ஹோல்’ என்று சொல்லிவிட்ட ஒருவரைத் திருத்த எழுபவர் சற்று அமரட்டும். மண்ணுக்கடியில் இருப்பது இன்னும் ஆள் இறங்கும் துளைதான். ஆள் இறங்குவது நின்றபின் அதற்கு எந்தப் பெயரை வைத்தாலும் பொருந்தும்.